தண்ணீருக்கு அடியில் யார் பார்ப்பது?

(பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கடலோரத்தில் ஒரு தூண்டில் வளைவு கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். லாரி லாரியாகக் கருங்கல் வருகிறது. எடை மேடையில் ஏறி இறங்குகிறது. சீட்டுக் கிழிக்கிறார்கள். கல் கடலுக்குள் போகிறது. மறுநாள் காலையில் நீங்கள் போய்ப் பார்த்தால் அலைதான் தெரியும். ஆயிரம் டன் போட்டதாக எழுதிவிட்டு எண்ணூறு டன் போட்டிருந்தால், அந்த இருநூறு டன்னை யார் கண்டுபிடிப்பது? கடல் கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்லுமா?

உங்கள் தொழிலில் அப்படியில்லை. மில்லில் நூல் அறுந்தால் அந்த நிமிஷமே தெரிகிறது. கவுண்ட் சரியில்லை என்றால் அன்றைக்கே மேஸ்திரி வந்து நிற்கிறார். வயலில் நாற்றைக் கோணலாக நட்டால் பத்து நாளில் பயிரே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் துறைமுகச் சுவரிலும், ஆற்றங்கரைத் தடுப்புச் சுவரிலும், படகுத் துறையிலும் செய்த குற்றம் வெளியே தெரிய இருபது வருஷம் ஆகலாம். அதற்குள் பில் பணம் பட்டுவாடா ஆகிவிடும். காண்டிராக்டர் வேறு ஊரில் வேறு பெயரில் வேலை எடுத்திருப்பார். அளவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்ட ஓவர்சியர் பென்ஷன் வாங்கிக்கொண்டிருப்பார். சுவர் இடியும்போது அதன் அருகில் நிற்பவர் மட்டும் மாறுவதில்லை. மீனவர் நிற்பார், மூட்டை சுமப்பவர் நிற்பார், கரையோரக் குடிசையில் குழந்தை தூங்கும்.

ஆகவேதான் நீர்க்கரைப் பொதுவேலைகளைச் சோதிக்க இன்று வந்திருக்கும் கருவிகளைப்பற்றி உங்களிடம் பேச வந்திருக்கிறேன். கம்ப்யூட்டர், சோனார், ட்ரோன், சென்சார் என்று பல பெயர்கள். “இதெல்லாம் என்ஜினீயர்களின் விஷயம், நமக்கு எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். அந்தச் சுவர் யாருடைய பணத்தில் எழுகிறது? தீப்பெட்டி வாங்கும்போதும் சோப்பு வாங்கும்போதும் நாம் கொடுக்கும் வரிப்பணத்தில் எழுகிறது. பணம் நம்முடையது, கட்டுகிற கை நம்முடையது, இடிந்தால் போகிற உயிரும் நம்முடையது. பார்க்கிற கண் மட்டும் ஏன் நம்முடையதாக இருக்கக்கூடாது?

மறைகிற வேலை மூன்று

நீர்க்கரைக் கட்டுமானத்தில் வேலை மூன்று இடங்களில் மறைகிறது. முதலாவது, தண்ணீருக்கு அடியில். இரண்டாவது, கான்கிரீட்டுக்குள். கம்பி கட்டுகிற தோழர்களுக்குத் தெரியும்: எத்தனை கம்பி போட்டோம், எவ்வளவு இடைவெளி விட்டோம் என்பதெல்லாம் கான்கிரீட் கொட்டுகிற வரைதான் தெரியும். கொட்டியபின் அந்த ரகசியம் கல்லுக்குள் போய்விடும். மூன்றாவது, காகிதத்துக்குள். சோதித்தது என்றைக்கு, சோதித்தது யார், சோதித்தாரா இல்லையா என்பதெல்லாம் ஒரு ரிஜிஸ்டரில் இருக்கிறது. அந்த ரிஜிஸ்டரை ஒரே ராத்திரியில் உட்கார்ந்து ஆறு மாதத்துக்கும் எழுதிவிடலாம்.

கடலோரத்தில் இதற்குமேல் இன்னொரு எதிரி உண்டு. அது உப்பு. உப்புத் தண்ணீர் கான்கிரீட்டின் நுண்ணிய துவாரங்களின் வழியாக ஊறி உள்ளே இருக்கும் கம்பியை எட்டுகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துருப்பிடித்த இரும்பு வீங்கும். வீங்கினால் மேலிருக்கும் கான்கிரீட்டைப் பிளக்கும். பிளந்த வழியில் இன்னும் உப்பு போகும். அலை ஏறி இறங்குகிற பாகத்தில்தான் இந்தச் சேதம் அதிகம். ஏனென்றால் உப்பு, ஈரம், காற்று மூன்றும் அங்கேதான் ஒன்று சேருகின்றன. கம்பிக்கு மேல் இருக்கவேண்டிய கான்கிரீட் கனம் கொஞ்சம் குறைந்தாலும் சுவரின் ஆயுளில் பல வருஷங்கள் குறைந்துவிடும். கலவையில் செய்த மோசடியைக் கடல் ஒருநாளும் மன்னிக்காது.

ஹாங்காங் கடற்பாலத்தில் நடந்தது

வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. நடந்த கதையைக் கேளுங்கள்.

ஹாங்காங், ஜுஹாய், மக்காவ் என்ற மூன்று ஊர்களையும் இணைத்துக் கடலின்மேல் 55 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பாலமும் சுரங்கமுமாகக் கட்டினார்கள். 2018 அக்டோபரில் அது போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய வருஷம், 2017 மே மாதத்தில், ஹாங்காங்கின் ஊழல் தடுப்பு ஆணையம் 21 பேரைக் கைது செய்தது. எதற்காக? கான்கிரீட் சோதனையில் பொய்க் கணக்கு எழுதியதற்காக.

கான்கிரீட் கொட்டும்போது அதே கலவையில் கொஞ்சம் எடுத்துச் சதுரக் கட்டிகளாக வார்ப்பார்கள். கியூப் என்று நம் கட்டிடத் தொழிலாளர் சொல்வார்கள். குறிப்பிட்ட நாட்கள் கழித்து, பொதுவாக 28-வது நாளில், அதை இயந்திரத்தில் வைத்து நசுக்கி, எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று பார்ப்பார்கள். ஹாங்காங்கில் என்ன செய்தார்கள் என்று ஆணையம் கூறியது தெரியுமா? குறித்த நாளில் சோதிக்கத் தவறியதை மறைக்க, சோதனை இயந்திரத்தின் கடிகாரத்தையே மாற்றி வைத்தார்கள். இன்னும் சில சமயம், பாலத்தின் கியூபுக்குப் பதிலாக இரும்புக் கட்டியையோ, அதிக பலமுள்ள வேறு கான்கிரீட் கட்டியையோ இயந்திரத்தில் வைத்து நசுக்கியதாகச் சந்தேகம். இயந்திரம் என்ன செய்யும்? கொடுத்ததை நசுக்கி, கண்டதைச் சொல்லிற்று. பின்னால் வழக்கு நடந்து சிலர் தண்டனை பெற்றார்கள்.

தோழர்களே, அந்த 21 பேரும் யார் என்று பாருங்கள். உயர் அதிகாரிகள் இரண்டு பேர். மற்ற 19 பேரும் லேபில் வேலை செய்த டெக்னீஷியன்களும் உதவியாளர்களும். பொய் எழுதிய கை தப்பு செய்த கைதான். அதை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் விலங்கு மாட்டும்போது கீழே இருப்பவன் கையே முதலில் அகப்படுகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. உண்மையான பதிவு இருந்தால் யார் உத்தரவிட்டது, யார் அவசரப்படுத்தியது என்பதும் சேர்ந்து வெளியே வரும். நேர்மையான தொழிலாளிக்கு நல்ல ரிக்கார்டே முதல் வக்கீல்.

வெட்டிய மரையும் காணாமற்போன காகிதமும்

அதே ஊரில் அடுத்த வருஷம் இன்னொன்று வெடித்தது. துறைமுகத்தின் கரைக்கு அருகே ஹுங் ஹோம் என்ற ரயில் நிலையம். அங்கிருந்து கடலுக்கு அடியில் எதிர்க்கரைக்குப் புது ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். நிலையத்தின் அடித்தளத்தில் கம்பியோடு கம்பியைக் கப்ளரில் திருகி இணைக்க வேண்டும். கம்பியின் முனையில் உள்ள மரை முழுவதும் கப்ளருக்குள் ஏற வேண்டும். ஏறாத இடத்தில் மரையை வெட்டிக் குட்டையாக்கி, வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு முழுவதும் ஏறியதுபோல் காட்டினார்கள் என்று 2018-ல் புகார் எழுந்தது. ஹாங்காங் சர்க்கார் விசாரணைக் கமிஷன் வைத்தது. சில கம்பிகளின் மரை வெட்டப்பட்டது உண்மை என்று கமிஷன் கண்டது.

சரி, சோதித்த ரிக்கார்டைக் கொண்டுவாருங்கள் என்று கேட்டபோது என்ன ஆயிற்று? பல வேலைகளுக்குச் சோதனைப் படிவங்களே இல்லை. சில தாள்கள் வேலை முடிந்து வெகுகாலத்துக்குப் பிறகு எழுதப்பட்டவை. பல ஆயிரம் கோடி செலவில், பேர்பெற்ற கம்பெனிகள் செய்கிற வேலை. கம்பி சரியாக இருந்ததா என்பதற்கு நம்பத்தக்க காகிதம் கிடைக்கவில்லை.

கடைசியில் என்ன செய்தார்கள்? ஆங்காங்கே கான்கிரீட்டை உடைத்துத் திறந்தார்கள். கப்ளருக்குள் கம்பி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை அல்ட்ராசோனிக் கருவியால் அளந்தார்கள். காதுக்குக் கேட்காத ஒலியை இரும்புக்குள் செலுத்தி, அது மோதித் திரும்புவதைக் கம்ப்யூட்டரில் படமாக்கிப் பார்க்கிற முறை இது. வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையை ஸ்கேன் எடுக்கிறார்களே, ஏறக்குறைய அதே முறை. திறந்து பார்த்த இணைப்புகளில் ஒரு பகுதி முழுவதும் திருகப்படாமல் இருந்தது தெரிந்தது. தகுந்த பலப்படுத்தும் வேலைகள் செய்தால் கட்டிடம் பாதுகாப்பானதே என்று முடிவு செய்து, அந்த வேலைகளைச் செய்தபின் திறந்தார்கள். கடலைக் கடக்கும் பாதை 2022 மே மாதத்தில்தான் ஓடத் தொடங்கியது.

ஒரு தாளில் நாணயமாக எழுதியிருந்தால் ஒரு பைசா செலவில்லாமல் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் அது. அதைத் தெரிந்துகொள்ள கான்கிரீட்டை உடைக்க வேண்டி வந்தது.

புது முறை என்ன செய்கிறது

இந்த அடிகளுக்குப் பிறகு, ஹாங்காங் சர்க்கார் 2020 ஏப்ரல் முதல், 30 கோடி ஹாங்காங் டாலருக்கு மேற்பட்ட பொதுவேலை ஒப்பந்தங்களில் எல்லாம் டிஜிட்டல் முறையில் மேற்பார்வை செய்ய வேண்டும் என்று விதித்தது. அது எப்படி நடக்கிறது?

கம்பி கட்டி முடிந்தது. கான்கிரீட் கொட்டுமுன் சோதிக்க வாருங்கள் என்று காண்டிராக்டரின் ஆள் கைக்கருவியில் கோரிக்கை அனுப்புகிறார். எந்த மணிக்கு அனுப்பினார் என்பது தானே பதிகிறது. சோதிக்கிறவர் நேரில் வருகிறார். கம்பியை அளக்கிறார், போட்டோ எடுக்கிறார், அங்கேயே எழுதுகிறார், சரி அல்லது சரியில்லை என்று அங்கேயே பதிகிறார். அவர் சரி என்று சொல்லுமுன் கொட்டினால் அதுவும் தெரிந்துபோகும். எல்லாம் ஒரே இடத்தில் சேருகிறது. ஆறு மாதம் கழித்து ஒரே ராத்திரியில் உட்கார்ந்து எழுத முடியாது. எழுதினால் எழுதிய தேதியே காட்டிக்கொடுக்கும்.

கியூபுக்கும் இப்படியே செய்ய முடியும். வார்க்கும்போதே உள்ளே ஒரு சிறு சில்லையோ, மேலே ஒரு கியூ ஆர் கோடையோ வைத்துவிட்டால், வார்த்த இடத்திலிருந்து நசுக்குகிற இயந்திரம் வரை அந்தக் கட்டிக்கு ஒரு பெயர் இருக்கும். ஆள்மாறாட்டம் செய்வது கஷ்டம். இயந்திரம் கண்ட எண்ணை மனிதன் கையால் எழுதாமல் இயந்திரமே நேராகப் பதிவேட்டுக்கு அனுப்பினால், இடையில் பேனாவுக்கு வேலையில்லை.

தண்ணீருக்குள் ஒலியால் பார்ப்பது

இனி தண்ணீருக்கு அடியில் போவோம். தூத்துக்குடியில் சங்கு குளிக்கிற தோழரைக் கேளுங்கள், கலங்கிய தண்ணீரில் கண் எவ்வளவு தூரம் போகும் என்று. துறைமுகத்துச் சேற்றுத் தண்ணீரில் ஒரு முழம்கூடத் தெரியாது. காலங்காலமாக டைவர்கள் கையால் தடவித்தான் தூணைச் சோதித்தார்கள். விரலே கண். ஒரு டைவர் ஒருநாளில் எத்தனை தூணைத் தடவ முடியும்? தடவியது சரிதானா என்று எப்படித் தெரியும்?

சோனார் ஒலியால் பார்க்கிறது. படகின் அடியில் கட்டிய கருவி விசிறிபோல் ஒலியைப் பரப்புகிறது. கடல்நீரில் ஒலி ஒரு வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். போய் மோதித் திரும்புகிற நேரத்தை அளந்தால் தூரம் தெரியும். இப்படி லட்சக்கணக்கான புள்ளிகளைச் சேர்த்தால் கடலின் தரையும், சுவரின் காலும், அதன்கீழே அலை தோண்டிய பள்ளமும் கம்ப்யூட்டரில் உருவமாக எழும். கல் போடுமுன் ஒரு தடவை, போட்டபின் ஒரு தடவை அளந்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால், எவ்வளவு கனஅளவு கல் கடலுக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று கணக்கு வந்துவிடும். நான் ஆரம்பத்தில் கேட்டேனே, இருநூறு டன்னை யார் கண்டுபிடிப்பது என்று? இதோ பதில். கடல் சாட்சி சொல்லத் தொடங்கிவிட்டது.

இந்தக் கருவி டைவரின் வேலையைப் பறிக்கத்தான் வேண்டுமென்பதில்லை. அவர் உயிரைக் காக்கவும் செய்யும். அமெரிக்காவில் பால்டிமோர் துறைமுகத்தில் 2024 மார்ச் 26 அதிகாலை ஒரு சரக்குக் கப்பல் பாலத்தில் மோதிப் பாலமே விழுந்தது. ராத்திரி ஷிப்டில் பாலத்தின் சாலைக் குழிகளை அடைத்துக்கொண்டிருந்த ஆறு தொழிலாளர்கள் மாண்டார்கள். மெக்ஸிகோ முதலிய நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள் அவர்கள். நொறுங்கிய இரும்புக்கிடையில், ஓரிரண்டு அடிக்குமேல் தெரியாத தண்ணீரில் டைவர்கள் இறங்கினார்கள். சோனார் காட்டிய உருவத்தை மேலே இருந்தவர்கள் பார்த்து, எந்தப் பக்கம் போகலாம், எந்தப் பக்கம் போகக்கூடாது என்று குரல் கொடுத்து வழிநடத்தினார்கள். ஒருவனுடைய கையும் இன்னொருவனுடைய கண்ணும் சேர்ந்து வேலை செய்தன.

பழைய சுவர்களும் பூச்சிகளும்

புதிதாகக் கட்டுவது ஒருபுறம் இருக்கட்டும். பழைய சுவர்களின் கதி என்ன?

அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் கடற்கரைச் சுவரை 1934-க்குள் கட்டி முடித்தார்கள். மண்ணுக்குள் மரத்தூண்கள், மேலே மரத்தளம். அதன்மேல் தெரு, கடைகள், ஜனநடமாட்டம். கிரிபிள் என்று ஒரு கடற்பூச்சி, அரிசியைவிடச் சிறியது. அது பல வருஷங்களாக மரத்தைத் தின்றுகொண்டே இருந்தது. மேலே நடந்தவர்களுக்குத் தெரியாது. 2001 பிப்ரவரியில் பூகம்பம் வந்து, அதன்பிறகு சோதித்துப் பார்த்தபோதுதான் சுவரின் கால் எவ்வளவு அரித்துப்போயிருக்கிறது என்று தெரிந்தது. 2012 நவம்பரில் ஜனங்களிடமே வோட்டுக் கேட்டு, 29 கோடி டாலர் கடன் எழுப்ப அனுமதி வாங்கிச் சுவரைத் திரும்பக் கட்டினார்கள்.

ஹாலந்தில் ஆம்ஸ்டர்டாம் நகரம் கால்வாய்களின் நகரம். அங்கே சுமார் 200 கிலோமீட்டர் நீளக் கரைச்சுவர் பழைய மரத்தூண்கள்மேல் நிற்கிறது. குதிரை வண்டி ஓடிய காலத்தில் கட்டியது; இன்று அதன்மேல் கனரக லாரி ஓடுகிறது. 2020 செப்டம்பர் 1-ந் தேதி ஒரு கால்வாய்க் கரை இடிந்து தண்ணீரில் விழுந்தது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. இப்பொழுது அந்த நகரசபை கரைச்சுவர்களில் அளவுக் குறிகள் பதித்தும், வானத்தில் சுற்றும் சாட்டிலைட்டின் ராடாரைக் கொண்டும் சுவர் மில்லிமீட்டர் கணக்கில் நகருகிறதா என்று கவனிக்கிறது.

நம் நாட்டு உதாரணமும் உண்டு. பாம்பன் பழைய ரயில் பாலம் 1914-ல் திறக்கப்பட்டது. உப்புக்காற்றில் நூறு வருஷத்துக்குமேல் நின்ற இரும்பு அது. அதன் தூக்குப் பாகத்தில் சென்னை ஐ.ஐ.டி. நிபுணர்கள் சென்சார்களைப் பொருத்தியிருந்தார்கள். 2022 டிசம்பரில் அவை அபாய எச்சரிக்கை கொடுத்தன. உடனே ரயில் நிறுத்தப்பட்டது. ராமேஸ்வரத்து ஜனங்களுக்குக் கஷ்டம்தான். ஆனால் ஒரு உயிர் போகவில்லை. 2025 ஏப்ரலில் புதுப்பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2024 நவம்பரில், ரயில்வே பாதுகாப்பு ஆணையர் புதுப்பாலத்தில் கண்ட குறைகளைத் தம் அறிக்கையில் எழுதினார். அது பத்திரிகைகளில் வந்தது, நாடு பேசியது. குறை சொன்ன அறிக்கையை மூடிவைத்தால் சுவர் பலப்படாது. வெளியே வந்தால்தான் கேள்வி பிறக்கும்.

கருவி யாருக்காகப் பேசுகிறது?

இங்கேதான் தோழர்களே, நாம் ஜாக்கிரதையாக யோசிக்க வேண்டும். கருவி வந்துவிட்டது, எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை.

அதே சியாட்டில் நகரில் 58-ம் நம்பர் துறைமேடை என்று ஒன்று. அது கரையிலிருந்து விலகி நகருகிறது என்று அளவுகள் காட்டின. 2020 ஆகஸ்டில் ஜனங்கள் போகக்கூடாது என்று மூடினார்கள். நல்ல காரியம். அடுத்த மாதம், செப்டம்பர் 13-ந் தேதி, அதைப் பிரித்து எடுக்கும் வேலை நடக்கும்போதே மேடை இடிந்து கடலில் விழுந்தது. தொழிலாளர் இருவர் தண்ணீரில் விழுந்து, பிழைத்துக்கொண்டார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களை எச்சரிக்கை காத்தது. பிரிக்கப் போனவர்கள் கடலில் விழுந்தார்கள். ஆகவே நாம் கேட்க வேண்டியது: எச்சரிக்கை மணி அடிக்கும்போது அது முதலில் யார் காதில் விழுகிறது? குளுகுளு அறையில் இருக்கும் அதிகாரியின் காதிலா, சாரத்தின்மேல் நிற்கும் தொழிலாளியின் காதிலா?

இரண்டாவது விஷயம், போட்டோவும் பொய் சொல்லும். விவசாயத் தொழிலாளர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நூறுநாள் வேலையில் 2023 ஜனவரி முதல், தினம் இரண்டு தடவை போனில் படமெடுத்து வருகை பதிய வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள். என்ன நடந்தது? சிக்னல் கிடைக்காத காட்டில், வேலை செய்த தாய்மார்களுக்கு வருகை விழாமல் கூலி போயிற்று. இன்னொரு பக்கம், படத்தையே படமெடுத்துப் போடுவதும், சம்பந்தமில்லாத படத்தைப் போடுவதும் நடக்கிறது என்று 2025 ஜூலையில் மத்திய அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. வேர்வை சிந்தியவளுக்குக் கூலி இல்லை. மோசடி செய்தவனுக்குச் சந்து கிடைத்தது. படம் வந்து குவிந்தது. அந்தப் படத்தைப் பார்க்க ஆள் இல்லை. கருவி வாங்கிய சர்க்கார் கண் வைக்க மறந்தால் இதுதான் கதி.

மூன்றாவது, காமிரா எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஹாங்காங்கில் 2023 முதல் 3 கோடி டாலருக்கு மேற்பட்ட பொதுவேலைகளில் பாதுகாப்புக்கென்று காமிராக்களும், தொழிலாளி உடம்பில் அணியும் கருவிகளும் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். கிரேன் விழுகிற வட்டத்துக்குள் ஆள் போனால் மணி அடிக்குமானால் வரவேற்கிறோம். ஆனால் மில்லில் கக்கூஸுக்குப் போன நிமிஷத்தை எண்ணுகிற மானேஜ்மெண்டை நாம் அறிவோம். சுவரைப் பார்க்க வந்த கண் தொழிலாளியின் முதுகைப் பார்க்கத் திரும்பினால், அதை அனுமதிக்க முடியாது.

நான்காவது, கான்கிரீட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதை எல்லாக் கருவிக்கும் முன்னால் அறிந்தவன் ஒருவன் உண்டு. அதைக் கட்டியவன். ஹுங் ஹோமில் மரை வெட்டப்பட்ட விஷயம் முதலில் மனிதன் வாய்வழியாகத்தான் வெளியே வந்தது; கருவி பிறகுதான் வந்தது. “சாமி, இந்தக் கம்பி குறைவு” என்று சொல்கிற கூலிக்காரனை மறுநாளே வேலையிலிருந்து துரத்தினால், எத்தனை கோடிக்குக் கருவி வாங்கினாலும் வீண்.

நாம் கேட்க வேண்டியது

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும்.

ஒன்று. பொதுப்பணத்தில் நடக்கும் ஒவ்வொரு நீர்க்கரை வேலையிலும் சோதனைப் பதிவு சர்க்காரின் சொத்தாக, சர்க்காரின் கையில் இருக்க வேண்டும். காண்டிராக்டர் தன் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு, கேட்டபோது பொறுக்கிக் கொடுக்கிற ஏற்பாடு கூடாது. பதிந்ததை மாற்றினால் யார் மாற்றினார், எப்போது மாற்றினார் என்பதும் அழியாமல் நிற்க வேண்டும்.

இரண்டு. வேலை வாங்குகிறவனே சோதிக்கிறவனுக்குச் சம்பளம் கொடுக்கக் கூடாது. சோதிக்கும் ஊழியர்கள் போதிய எண்ணிக்கையில், நிரந்தர வேலையில் இருக்க வேண்டும். நாளைக்கு வேலை இருக்குமோ என்று பயப்படுகிறவன் கையெழுத்துக்குப் பலம் கிடையாது.

மூன்று. பதிவு ஜனங்களுக்குத் திறந்திருக்க வேண்டும். இது புதுக் கோரிக்கையும் அல்ல. 2005-ம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பொதுவேலையை நேரில் பார்வையிடவும், ரிக்கார்டுகளைப் பார்க்கவும், உபயோகித்த பொருளின் சான்றிட்ட மாதிரியை வாங்கவும், கம்ப்யூட்டரில் உள்ள விவரத்தை அப்படியே பெறவும் நமக்கு உரிமை கொடுக்கிறது. சிமெண்டின் மாதிரியைக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாமல் வைத்திருப்பதில்தான் பலருடைய பிழைப்பு நடக்கிறது.

நான்கு. அபாய எச்சரிக்கை முதலில் வேலை செய்கிற இடத்தில், வேலை செய்கிறவர் பேசும் பாஷையில் வர வேண்டும். இன்று நம் கட்டுமான இடங்களில் பீகார், ஒடிசா, வங்காளத் தோழர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களுக்குப் புரியாத மணி, மணி அல்ல. எச்சரிக்கை கேட்டு வேலையை நிறுத்தினால் அந்த நாள் கூலி வெட்டப்படக் கூடாது.

ஐந்து. குறையைச் சொல்லும் தொழிலாளிக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும். டைவர், கம்பி கட்டுபவர், கலவை போடுபவர் ஆகியோருக்கு இந்தக் கருவிகளைக் கையாளப் பயிற்சி வேண்டும். கடலுக்கடியில் விரலால் தடவித் தெரிந்துகொண்டவரின் அறிவைவிட இந்தக் கருவிக்கு நல்ல வாத்தியார் கிடையாது. அவரை வெளியே தள்ளிவிட்டு, வெளியிலிருந்து வந்தவனிடம் கருவியைக் கொடுத்தால் இரண்டு நஷ்டம்: அவருக்கு வேலை போகும், சுவருக்கு நல்ல கண் போகும்.

தோழர்களே! கைத்தறியைக் கண்ட கண்ணுக்கு ஸ்பின்னிங் மில் பூதமாகத் தெரிந்த காலம் உண்டு. இயந்திரத்தைத் தொழிலாளி வெறுத்ததில்லை. இயந்திரத்தைக் காட்டிக் கூலியைக் குறைத்தபோதுதான் எதிர்த்தான். இந்தச் சோதனைக் கருவிகளிடமும் நம் நிலை அதுதான். வரட்டும். எல்லா மராமத்து வேலைக்கும் வரட்டும். ஆனால் திறந்த கையோடு வரட்டும்.

உங்கள் ஊர் ஆற்றில் ஒரு படித்துறையோ, தடுப்புச் சுவரோ, கதவணையோ, மீன் இறங்குதளமோ கட்டத் தொடங்கினால், விளம்பரப் பலகையில் எத்தனை லட்சம் என்று படிப்பதோடு நிற்காதீர்கள். நாலு பேர் சேர்ந்து போங்கள். கான்கிரீட் கொட்டுமுன் யார் சோதித்தார்கள் என்று கேளுங்கள். தண்ணீருக்கு அடியில் எதைக் கொண்டு அளந்தார்கள் என்று கேளுங்கள். அளந்த படத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் எழுத்தில் மனுக் கொடுங்கள். ஒரு நகலை உங்கள் சங்கத்தில் வையுங்கள். எழுதத் தெரியாதவருக்கு எழுதத் தெரிந்தவர் எழுதிக் கொடுங்கள். அடுத்த பெருவெள்ளத்துக்கு முன்னால் இந்த வேலையைத் தொடங்கிவிடுவோம்.